ரொட்டி மா வந்த வழி



நமது தோட்டங்களில் ரொட்டி சுடாத வீடு கிடையாது. விடியற்காலையில் எந்த லயத்துப் பக்கம் போனாலும் ரொட்டி தட்டும் சத்தமும் கவ்வாத்து விறகுப் புகையும் வரும். மலைக்குப் போகும் அம்மாவின் பையிலும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பெட்டியிலும் இருப்பது அதுதான். 'இது நம்ம பரம்பரைச் சாப்பாடு' என்று சொல்கிறோம். இப்போது கலாசார விழாக்களிலும் ரொட்டியும் கட்டச்சம்பலும் மேடைக்கு வந்துவிட்டன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அது நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் கோதுமையா விளைந்தது? கேழ்வரகு விளைந்தது, கம்பு விளைந்தது, சோளம் விளைந்தது, தண்ணீர் உள்ள இடத்தில் நெல் விளைந்தது. கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுடும் பழக்கம் அந்த வீடுகளில் இருக்கவில்லை. நாம் குடியேறிய இந்த மலைகளிலும் கோதுமை விளைவதில்லை. அப்படியென்றால் நம் பரம்பரைச் சாப்பாடு எந்தப் பரம்பரையிலிருந்து வந்தது?

அது ஒரு துறைமுகத்தின் வழியாக வந்தது. யுத்தத்தோடும் கூப்பனோடும் சம்பளக் கணக்கோடும் வந்தது. ரொட்டியைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. கதையை விட்டுவிட்டு ருசியை மட்டும் மேடையேற்றினால், நம் வறுமையை நாமே அலங்காரம் செய்து காட்டியதாகிவிடும்.

தட்டில் உள்ளவை எங்கிருந்து வந்தன?

முதலில் சமையலையே பார்ப்போம். அரைக் கிலோ கோதுமை மா, அரைத் தேங்காய்த் துருவல், தேவையான உப்பு. இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, கொஞ்ச நேரம் மூடி வைத்து, உருண்டை பிடித்துத் தட்டி, ரொட்டிக்கல்லில் இரண்டு பக்கமும் போட்டு எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கையில் காசு இருந்தால் ஒரு துண்டு மாசி. அம்மியில் வைத்து இடித்து, தேசிக்காய் பிழிந்தால் சரி. பக்கத்தில் ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணீர்.

இப்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கோதுமை கப்பலில் வருகிறது. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து லொறியில் வருகிறது. மாசி மாலைதீவிலிருந்து வந்த பண்டம். செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. சீனியும் இறக்குமதிதான். இத்தனையிலும் நம் காலடி மண்ணில் விளைந்தது தேயிலைத் தூள் ஒன்று மட்டும்தான். அதிலும் நல்ல தூள் ஏலத்துக்குப் போன பிறகு மிஞ்சியதுதான் நம் வீட்டுக்கு வருகிறது.

மண்ணோடு பாடுபடும் ஒரு சமூகத்தின் தட்டில், அந்த மண்ணில் விளைந்த உணவு ஒரு பிடிகூட இல்லை. பக்கத்துக் கிராமத்து வீட்டில் பலா மரம் உண்டு, கொல்லையில் மரவள்ளி உண்டு, ஒரு துண்டு வயல் உண்டு. நமக்கு அது எதுவும் இல்லாமல் போனதற்குச் சோம்பல் காரணமில்லை. லயத்தில் இருந்தவனுக்கு மண் சொந்தமில்லை, அவ்வளவுதான். விளைவிக்க இடமில்லாதவன் விலைக்கு வாங்கித்தான் சாப்பிட வேண்டும். விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறவன் அன்றைக்கு எது மலிவோ அதைத்தான் சாப்பிடுவான். நம் ரொட்டியின் வரலாறு இங்கே தொடங்குகிறது.

தேங்காயும் மாசியும்

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கங்காணிமார் ஆள் சேர்த்தார்கள் என்ற பேச்சு நம் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறது. அந்த வாக்குறுதியைச் சாப்பாட்டுக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பஞ்சத்தில் கிடந்த சனங்களுக்குத் தங்கத்தையோ வெள்ளியையோ யாரும் ஆசை காட்டவில்லை. ஒரு நேரச் சம்பலுக்கு வேண்டிய சாமானைத்தான் ஆசை காட்டினார்கள். எவ்வளவு பசியோடு இருந்த மக்களிடம் அந்தப் பேச்சு எடுபட்டிருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. இன்றைக்கும் அந்தத் தேங்காயையும் மாசியையும் நாம் கடையில்தான் வாங்குகிறோம். ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்ட நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

தோட்டத்துக்கு வந்த பிறகு சாப்பாடு அரிசியானது. ஊரில் விசேஷ நாளில் மட்டும் நெல்லுச் சோறு கண்டவர்களுக்குத் தினமும் அரிசி என்பது பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த அரிசியைத் தோட்ட நிர்வாகமே இறக்குமதி செய்து, நிர்வாகமே அளந்து போட்டு, நிர்வாகமே சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அரிசிக் கணக்கும் கங்காணிக் கடனும் சேர்ந்து, மாத முடிவில் கைக்கு வரும் காசு என்னவென்று தொழிலாளிக்கே தெரியாது. 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதுகூட, நாட்கூலியோடு தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையும் சேர்த்தே நிர்ணயிக்கப்பட்டது. சம்பளமும் சோறும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்த காலம் அது. கேழ்வரகும் கம்பும் அந்தப் புத்தகத்தில் இல்லாததால் வீட்டிலிருந்தும் போய்விட்டன. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழில் மட்டும்தான் பழைய ஊரின் வாசம் கொஞ்சம் மிஞ்சியது.

1942: துறைமுகத்தில் விழுந்த குண்டு

அந்த அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசிக் கப்பல் நின்றது. அடுத்த மாதமே, ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கிகள் இருந்த பகுதியும் தாக்கப்பட்டன.

வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளுக்கு இதைக் கப்பல், விமானம், தளபதி என்றுதான் படிப்பிக்கிறோம். ஆனால் அந்த யுத்தம் ஒவ்வொரு லயத்து அடுப்பங்கரைக்கும் வந்தது. அரிசி கூப்பனுக்குள் போனது. அளந்து கொடுத்த அரிசி போதாததால் அதற்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. சோறு ஆக்கிப் பழகிய கைகளுக்கு இந்த வெள்ளை மாவை என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. அதில் தேங்காயைத் துருவிப் போட்டு, உப்புப் போட்டு, தட்டிச் சுட்டு, வேலைக்களத்துக்குக் கொண்டுபோகும் சாப்பாடாக மாற்றியவர்கள் நம் பெண்கள்தான். மாவைக் கொடுத்தது யுத்தம். ரொட்டியாக்கியது நம் அப்பாயிமாரின் கை. இந்த இரண்டையும் நாம் மறக்கக் கூடாது.

யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அமெரிக்க உதவித் திட்டங்களின் கீழ் கோதுமையும் மாவும் வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் பழைய ஆட்கள் இன்றும் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்றுதான் சொல்வார்கள். ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது.

நமக்கு மட்டும் நினைவில் நிற்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

1952ஆம் ஆண்டு இலங்கை சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. நாட்டுக்கு அரிசி தட்டுப்பட்ட நேரத்தில், இங்கிருந்து இறப்பர் போனது, அங்கிருந்து அரிசி வந்தது. அந்த இறப்பர் மரங்களில் விடியற்காலையில் பால் வெட்டிய கைகளில் நம் மக்களின் கைகளும் உண்டு. அதாவது நாடு சாப்பிட்ட சோற்றில் நம் உழைப்பு இருந்தது. பாடப்புத்தகத்தில் ஒப்பந்தம் இருக்கிறது, பால் வெட்டியவர் இல்லை.

அடுத்த வருடம், 1953இல், அரசாங்கம் அரிசி மானியத்தை வெட்டியது. கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலை ஒரு பிரதமரை இறக்கியது. ஆனால் அதற்கு முன்பே, 1948இல் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949இல் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குப் பறிபோயிருந்தது. அரிசி விலை ஏறினால் மற்றவர்களுக்குப் பயந்து விலையைக் குறைப்பார்கள், நமக்குப் பயப்பட வேண்டியதில்லை என்ற நிலை அன்றைக்கே உண்டாகிவிட்டது. அதன் பலனை 20 வருடம் கழித்து அனுபவித்தோம்.

எழுபத்து நாலும் திருகோணமலையும்

1973, 1974 என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் கோதுமை விலையும் ஏறின. அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசியும் மாவும் வெட்டப்பட்டன. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. கிராமத்தில் இருந்தவர்கள் மரவள்ளியை நட்டுச் சமாளித்தார்கள். நடுவதற்கு மண் இல்லாத தோட்டத்து மக்கள் கீரையும் பலாக்கொட்டையும் வெறும் சாயத் தண்ணீருமாகக் காலம் தள்ளினார்கள். 1974இல் தோட்டப் பகுதியின் மரண வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிகக் கடுமையாக உயர்ந்தது. பட்டினியும் பட்டினியால் வந்த நோயும் குழந்தைகளையும் வயதானவர்களையும் கொண்டுபோயின.

அந்தப் பஞ்சமும், காணிச் சீர்திருத்தத்தின்போது சில தோட்டங்களில் நடந்த விரட்டலும், 1977 ஆகஸ்ட் கலவரமும் சேர்ந்து ஆயிரக்கணக்கான நம் குடும்பங்களை மலையை விட்டு இறக்கின. வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்பு, திருகோணமலை என்று போனார்கள். டொக்டர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களைக் காணிகளில் குடியமர்த்தியது. வானம் பார்த்த மேட்டு நிலத்தில் குரக்கனும் சோளனும் கச்சானும் மரவள்ளியும் போட்டார்கள். மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் ஊரில் விட்டு வந்த கேழ்வரகைத்தான் இங்கே குரக்கன் என்கிறோம். சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைத்த உடனே நம் மக்களின் கை பழைய தானியத்தைத் தேடிப் போயிற்று.

இது என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி. தோட்டத்து ஆட்களுக்கு ரொட்டி மட்டும்தான் பழக்கம், வேறெதுவும் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். மண் கிடைத்த இடத்தில் சாப்பாடு மாறியது. பிறகு அந்த மண்ணும் நிலைக்கவில்லை. 1983இல் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தொடர்ந்து வந்த யுத்தத்தில் திருகோணமலை மாவட்டத்துக் குடியேற்றங்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தன. முகாமில் நிவாரணமாகக் கிடைத்தது என்ன? மா, பருப்பு, சீனி. குரக்கன் போட்ட கை மறுபடி மா மூட்டைக்கு வரிசையில் நின்றது.

துறைமுகத்து மீனவக் குடும்பங்களும் அதே வரிசையில் நின்றார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் நின்றார்கள். அவர்கள் அந்த மாவை அவித்து, அரித்து, பிட்டாக அவித்தார்கள். நாம் ரொட்டியாகத் தட்டினோம். மூட்டை ஒன்றுதான். நிலத்தை இழந்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், எந்தச் சமயத்தவனாக இருந்தாலும், கடைசியில் அவன் வீட்டுக்கு வருவது மா மூட்டைதான்.

சீனக்குடா ஆலை

அதே திருகோணமலையில்தான் இன்று நம் மாவின் பெரும்பகுதி அரைக்கப்படுகிறது. 1977இல் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, சீனக்குடாவில் ஆலை கட்டப்பட்டு, 1980இல் மா வரத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய மா ஆலைகளில் ஒன்று அது. இயற்கைத் துறைமுகத்தின் ஆழமான தண்ணீரில் பெரிய கப்பல்கள் நேரே வந்து கோதுமையை இறக்குகின்றன. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரிலும் தம்பலகாமத்து வயல்களிலும் நெல் விளையும் மாவட்டம் அது. அந்த மாவட்டத்தின் கரையில் கடல் கடந்த கோதுமை இறங்கி, அங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக மலைக்கு ஏறுகிறது.

மன்னாரில் இறங்கிய நம் முன்னோர் காட்டு வழியே நடந்து வந்த பாதையும் தம்புள்ளையைத் தாண்டித்தான் மாத்தளைக்கு வந்தது. 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களுக்கு அந்த வழி தெரியும். முன்னோர் நடந்து வந்த பாதையும் நம் மா வரும் பாதையும் தம்புள்ளையில் ஒன்று சேர்கின்றன.

ஒரு தடவை பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பிள்ளைகளைத் திருகோணமலைக்குக் கூட்டிப் போனோம். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளிக் கடல் எல்லாம் பார்த்தார்கள். தூரத்தில் மா ஆலையின் உயரமான கட்டடங்களைக் காட்டி, "உங்க வீட்டு ரொட்டி மா இங்கேதான் அரைபடுகிறது" என்று சொன்னேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், அப்போ இவங்களும் ரொட்டிதான் சாப்பிடுவாங்களா?" பஸ் முழுக்கச் சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு வெட்கம் இருந்ததை நான் கவனித்தேன். வேறு ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடும் இடங்களில் நம் பிள்ளைகள் பெட்டி மூடியைப் பாதிதான் திறப்பார்கள். உள்ளே இருப்பது ரொட்டி என்று தெரிந்துவிடக் கூடாதாம். இந்த வெட்கத்தைப் போக்க 'ரொட்டி நம் பெருமை' என்று பாட்டுப் பாடினால் போதாது. ரொட்டி ஏன் அந்தப் பெட்டிக்குள் வந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். காரணம் தெரிந்த பிள்ளைக்கு வெட்கம் போய்விடும், கேள்வி வரும்.

பழக்கமா, சம்பளமா?

சுகாதாரக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு அறிவுரை கேட்கிறோம். 'ரொட்டியைக் குறையுங்கள், சத்தான உணவு கொடுங்கள்.' அந்த அறிவுரையில் உண்மை இருக்கிறது. தவிடு நீக்கிய வெள்ளை மாவில் இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் குறைவு, வயிறு நிறையுமே தவிர உடம்பு வளராது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது 100க்கு சுமார் 32 பேர். வகுப்பில் ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது இந்தக் கணக்கை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் அறிவுரை சொல்கிறவர்கள் இதைப் பழக்கத்தின் குறையாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பிரட்டுக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். சோறு என்றால் கறி வேண்டும், பருப்பு வேண்டும், நேரம் வேண்டும், விறகு வேண்டும். ரொட்டிக்குச் சம்பல் போதும். பையில் போட்டால் கெடாது, மலையில் நின்றுகொண்டே சாப்பிடலாம், மழையில் நனைந்த கையாலும் சாப்பிடலாம், பிள்ளைக்கு இரண்டு அதிகமாகச் சுட்டு வைக்கலாம். வேலை நேரத்துக்கும் சம்பளத்துக்கும் பொருந்திவந்த ஒரே சாப்பாடு அதுதான். நம் பெண்கள் அறியாமையால் ரொட்டி சுடவில்லை. நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் சுடுகிறார்கள். அந்தக் கணக்கை மாற்ற வேண்டுமென்றால் வருமானத்தையும் நேரத்தையும் நிலத்தையும் மாற்ற வேண்டும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில்தான் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அடுத்த வருடமே பொருளாதாரம் விழுந்தது. மா கிலோ 300 ரூபாவைத் தாண்டியது, பழைய விலையில் மூன்று மடங்குக்கும் மேல். ஐந்து பேருள்ள வீட்டில் இரண்டு நேரம் ரொட்டி என்றால் ஒரு கிலோ மா போதாது. அதாவது நாட்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவுக்கே போயிற்று, தேங்காயையும் மிளகாயையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. 1000 ரூபாவை வென்றெடுக்க நாம் பட்ட பாடு, ஒரு மா மூட்டை விலையில் கரைந்துபோனது. யுக்ரேனில் யுத்தம் நடந்தால் நம் லயத்தில் ரொட்டியின் எண்ணிக்கை குறைகிறது. 1942இல் நடந்ததுதான் மறுபடி நடந்தது.

என்ன செய்யலாம்?

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சங்கக் கிளைகளின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது வெறும் தொகையோடு போகாமல் ஒரு சாப்பாட்டுக் கணக்கோடு போக வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய அரிசி, மா, பருப்பு, முட்டை, கருவாடு, தேங்காய், காய்கறி, பால்மா. இவற்றின் விலையை ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்துக் கடையில் மாதம் ஒருமுறை எழுதி அனுப்பினால், அதைவிடப் பலமான ஆதாரம் வேறு வேண்டாம். 1927இல் நம் சம்பளத்தைச் சோற்றோடு கட்டினவர்கள் அவர்கள். இப்போது நாம் கட்டிக் காட்டுவோம்.

இரண்டாவது, நிலம். வீட்டுக்கு 7 பேர்ச் கேட்பதோடு நிற்காமல், தேயிலை கைவிடப்பட்ட தரிசு மலைகளில் உணவுப் பயிர் செய்யக் குடும்பத்துக்கு ஒரு துண்டு கேட்க வேண்டும். திருகோணமலையில் குடியேறிய நம் சொந்தங்கள் மண் கிடைத்தால் என்ன செய்வோம் என்று ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

மூன்றாவது, பிள்ளை மடுவத்திலும் பள்ளிக்கூடத்திலும் கொடுக்கும் உணவில் குரக்கன், பயறு, முட்டை, கீரை இருக்கிறதா என்று பெற்றோரும் சங்கமும் சேர்ந்து பார்க்க வேண்டும். குரக்கன் கூழ் நம் பிள்ளைகளுக்குப் புதிய உணவில்லை. அம்மன் கோயிலில் குடிக்கும் கூழ்தான். அதை ஆடி மாதத்தில் மட்டும் குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நான்காவது, எழுதி வைப்பது. 1974ஐக் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யுத்தகாலக் கூப்பனைக் கண்டவர்கள் அநேகமாக இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுப்போம். வீட்டில் உள்ள தாத்தா, அப்பாயி, அம்மாயியிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதச் சொல்வோம். சின்ன வயதில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அது எங்கிருந்து வந்தது? எந்த வருடத்தில் அது கிடைக்காமல் போனது, அப்போது என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர் யார்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும். எல்லாருக்கும் சுட்டுப் போட்டுவிட்டு, மிஞ்சினால் சாப்பிட்டவர் அம்மா. மிஞ்சாவிட்டால் தேத்தண்ணீர். அதுவும் நம் வரலாறுதான், எந்த விழா மேடையிலும் யாரும் சொல்லாத வரலாறு. அதே அம்மாதான் விடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அவர் பறித்த கொழுந்துதான் நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தது. அந்த டொலரில்தான் கோதுமைக் கப்பலும் துறைமுகத்துக்கு வந்தது.

ஆகவே ரொட்டியைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரோ தூக்கிப் போட்ட மாவை ருசியான உணவாக்கிய கைகளைக் கொண்டாடத்தான் வேண்டும். கொண்டாடும்போது பக்கத்தில் ஒரு பலகையில் மாவின் விலையையும் நாட்சம்பளத்தையும் எழுதி வைப்போம். சாப்பிட வந்தவர்கள் இரண்டையும் படித்துவிட்டுச் சாப்பிடட்டும். கொப்பிகள் நிறைந்ததும் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பிள்ளைகள் எழுதியதை அடுத்தடுத்த இதழ்களில் நம் செய்திமடலிலேயே வெளியிடுவோம்.